பழைய ஜீன்ஸுக்கு வீட்டிலேயே புது உரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மிதி மெஷின் இருக்கிறது. ரவிக்கையும் பள்ளிக்கூடப் பச்சை லோஞ்சியும் (இடுப்பில் சுற்றிக் கட்டும் பர்மியக் கைலி) தைக்கத்தான் அதை வாங்கினேன். இப்போது வாசலுக்கு வருகிற பைகளில் பாதி பழைய ஜீன்ஸ். வெட்டித் தைத்துக் கொடுப்பதைவிட, கொண்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, எந்த ஜீன்ஸை மாற்றி எடுக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம்?

முதலில் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்புங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தொடைப் பகுதியையும் உட்காரும் இடத்தையும் விரித்துப் பிடியுங்கள். வெளிச்சம் சல்லடை மாதிரி தெரிந்தால் அந்த இடத்துத் துணி முடிந்துவிட்டது, அங்கே ஒட்டுத் துணி இல்லாமல் எதுவும் நிற்காது. முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் துணி கெட்டியாகவே இருக்கும். ஒரு ஜீன்ஸ் முழுசாகத் தேய்ந்து நான் பார்த்ததே இல்லை. தேய்வது நாலு இடம்: முழங்கால், தொடை இடுக்கு, பின் பாக்கெட் ஓரம், கால் வாயின் குதிகால் பக்கம். ஆகவே தூக்கிப் போடுவது என்ற பேச்சே பெரும்பாலும் அவசரம்தான்.

அப்புறம் லேபிளைப் பாருங்கள். நூறு சதவீதம் பருத்தி என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வெளுக்கலாம், சாயம் முக்கலாம், கொதிநீரில் போடலாம், எல்லாம் தாங்கும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிற வகை என்றால் உள்ளே ஒன்றிரண்டு சதவீதம் எலாஸ்டேன் நூல் ஓடுகிறது. அதற்குச் சூடும் ஆகாது, வெளுப்பானும் ஆகாது. அந்த மாதிரி ஜீன்ஸில் தையல் வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ் மட்டும் ஏன் இப்படி வெள்ளை வெள்ளையாகத் தேய்கிறது? மற்ற துணி அப்படி இல்லையே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மீதி வேலை எல்லாம் பாதி புரிந்த மாதிரி.

ஜீன்ஸ் துணியான டெனிமில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. சாய்வரி நெசவு என்பதால் பாவு நூல் மூன்று ஊடையின் மேலே போய் ஒன்றின் கீழே இறங்குகிறது. அதனால் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் தெரிகிறது. நீலச் சாயம் நூலின் நடு வரைக்கும் ஊறுவதில்லை, மேல்தோலில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாவு நூலை உருவி ஊசியால் பிரித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக இருக்கும். உரசுகிற இடத்தில் மேல்தோல் போகிறது, உள்வெள்ளை தெரிகிறது. அவ்வளவுதான்.

இந்த நீலம் ஒரு காலத்தில் நம் ஊர்ப்பக்கத்து அவுரிச் செடியிலிருந்து வந்தது. 1897-இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் தொழிற்சாலைச் சரக்காக விற்பனைக்கு வந்த பிறகு அவுரி விவசாயம் படுத்துவிட்டது. செடியோ தொழிற்சாலையோ, சாயத்தின் குணம் ஒன்றுதான். உரசினால் போகும், வெளுப்பானில் ஓடிவிடும், தண்ணீரில் மட்டும் அவ்வளவு எளிதில் கரையாது.

முழங்காலில் கிழிந்துவிட்டது. ஒட்டுப் போட்டது தெரியாமல் தைக்க முடியுமா?

முழுசாகத் தெரியாமல் முடியாது. தெரிகிற மாதிரியே அழகாகத் தைப்பதுதான் என் கட்சி. ஜப்பானில் ‘சஷிகோ’ என்று நீலத் துணியில் வெள்ளை நூலால் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போடுவார்கள். வங்காளத்துக் காந்தாவும் அதே குடும்பம்தான். நம் பாட்டிகள் பழஞ்சேலைகளை அடுக்கிக் கையால் ஓட்டி மெத்தை விரிப்பு தைத்தார்களே, அந்தக் கை இதற்குப் போதும்.

எப்படி என்று மெதுவாகச் சொல்கிறேன். கிழிசலைச் சுற்றித் தொங்கும் நூல்களை வெட்டாதீர்கள், அவை பிடிமானம். ஒட்டுத் துணியை நாலு பக்கமும் ஓட்டையைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி உள்பக்கம் வையுங்கள். புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒரு தரம் நனைத்துக் காய வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் ஒட்டு மட்டும் சுருங்கி முழங்கால் புடைத்துக்கொள்ளும். வேறு நிற நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி அசையாமல் நிறுத்துங்கள்.

இப்போது காலுக்குள் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து நுழையுங்கள். வெளிப்பக்கம் வழுவழுப்பாகத் தேய்த்த அரைக் கொட்டாங்கச்சி. முழங்கால் வளைவும் அதன் வளைவும் ஏறக்குறைய ஒன்று. துணியைத் தட்டையாக மேசைமேல் வைத்துத் தைத்தால், போட்டுக்கொண்டு உட்காரும்போது தையல் இழுத்து ஓரத்தில் புதிதாகக் கிழியும். கொட்டாங்கச்சிமேல் தைத்தால் அந்த வளைவுக்கு வேண்டிய தளர்ச்சி தானாகவே கிடைக்கிறது.

இரட்டை நூல், கனமான ஊசி. ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலை இறுக்காமல் உள்பக்கம் ஒரு சிறு வளையம் தளர்வாக விட்டுத் திரும்புங்கள். வரிசை எல்லாம் ஒட்டுத் துணியின் விளிம்பையும் தாண்டி அரை அங்குலம் ஓடட்டும். சில வரிசை நீளம், சில குட்டை என்று விடுங்கள், எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டிலேயே துணி விட்டுப்போகும். ஊசி ஏற மறுத்தால் சோப்புக் கட்டியில் ஒரு குத்து குத்தி எடுங்கள், வெண்ணெயில் போகிற மாதிரி போகும்.

ஒரு முழங்காலுக்கு இரண்டு மாலை ஆகும். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே தைக்கலாம்.

மெஷினில் முழங்காலைத் தைக்க முடியாதா? கால் உள்ளே நுழைய மாட்டேன் என்கிறதே.

பக்கத் தையலைப் பிரித்தால் நுழையும். உள்கால் தையல், வெளிக்கால் தையல் இரண்டையும் திருப்பிப் பாருங்கள். எது மடித்து இரட்டை வரி ஓட்டாமல் சாதாரணமாக இருக்கிறதோ, பெரும்பாலும் வெளிக்கால்தான், அதை முழங்காலுக்கு மேலும் கீழும் ஒரு சாண் பிரியுங்கள். தைத்து முடித்ததும் பழைய ஊசித் துளை வழியே மூடிவிடுங்கள்.

தொடை இடுக்கில் தேய்ந்துவிட்டது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம், எல்லோருக்கும் முதலில் போவது அந்த இடம்தான். ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். துணி மெலிந்து பஞ்சு பஞ்சாகத் தெரியும்போதே உள்பக்கம் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, துணி நிறத்துக்கு ஏற்ற நீல நூலால் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிவிடுங்கள். இங்கே டெனிம் ஒட்டு வேண்டாம், தடித்து உறுத்தும். பழைய ஆண்கள் லோஞ்சியில் கிழிந்த துண்டு இதற்கென்றே பிறந்தது.

லோஞ்சித் துணி, சேலைக் கரை இதையெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டலாமா?

தாராளமாக. எனக்கு மிகவும் பிடித்த வேலையே இதுதான். கச்சின் கைத்தறித் துணி தடிமனாக இருக்கும், பின் பாக்கெட்டுக்கும் முழங்காலுக்கும் நன்றாக உழைக்கும். அமரபுரத்து அலைக்கோட்டுப் பட்டு பார்க்க அழகு, ஆனால் உரசல் தாங்காது. அதை மடித்துவிடுகிற கால் வாயின் உள்பக்கத்தில் வையுங்கள், மடித்தால் மட்டும் எட்டிப் பார்க்கும். ஊரிலிருந்து வந்த சுங்குடிச் சேலை கிழிந்துபோனால் அதன் கரையை வெளிக்கால் தையலை ஒட்டி இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஓட்டலாம். என் மகளுக்கு அப்படி ஒன்று தைத்தேன், மாமியாரின் சேலைக் கரை. அந்தச் சேலை இப்போது அலமாரியில் இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள் ரோட்டில் நடக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். பெண்கள் உடுத்திய தமெய்ன் (பெண்கள் லோஞ்சி) துணி ஆண்களின் தலைக்கு மேலே போகக்கூடாது, அதனால் அவர்களுடைய மேன்மை குறையும் என்ற நம்பிக்கை இங்குள்ள பர்மியக் குடும்பங்களில் உண்டு. தமெய்ன் காய்கிற கொடிக்கு அடியில் ஆண்கள் நடக்க மாட்டார்கள். நம் வீடுகளில் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பர்மியப் பையனுக்கோ மகனின் கூட்டாளிக்கோ தைத்துக் கொடுக்கும்போது, பெண் கட்டிய துணியை ஒட்டாதீர்கள். ஆண்கள் லோஞ்சியின் கட்டம் போட்ட துணியோ கடையில் எடுத்த புதுத் துணியோ வைத்துக்கொள்ளுங்கள். துணி எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டு அம்மா கட்டாயம் கேட்பார்.

வெளுப்பான் ஊற்றி டிசைன் பண்ணலாமா?

பண்ணலாம். ஆனால் இந்த ஒரு பதிலை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

திறந்த வெளியில், பிளாஸ்டிக் வாளியில், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் திரவ வெளுப்பான் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் உள்பக்கத்து ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். சட்டென்று வெளுத்தால் இன்னும் தண்ணீர் சேருங்கள். துணியை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டு முக்கினால் சுங்குடி மாதிரி வட்டம் வரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டுச் சுண்டினால் பொட்டுப் பொட்டாக விழும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே எடுத்துவிடுங்கள், அலசுகிற நேரத்திலும் அது வெளுத்துக்கொண்டேதான் இருக்கும். இரவு ஊற வைத்துக் காலையில் பார்க்கலாம் என்று ஒருபோதும் விடாதீர்கள், பருத்தியே செத்துவிடும்.

அலசிய பிறகு வெளுப்பானின் மிச்சத்தை முறித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் துணியைத் தின்னும். இதற்கு வினிகர் ஊற்று என்று பல பேர் சொல்வார்கள். கூடவே கூடாது. வினிகர், எலுமிச்சைச் சாறு, புளி, கழிப்பறை கழுவும் அமிலம், இவற்றில் எது வெளுப்பானுடன் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள எதுவும் சேரக்கூடாது, அதிலும் நச்சு வாயுதான் வரும். நானும் ஒரு ஆடி மாத மழையில், கதவைச் சாத்திய குளியலறைக்குள் அந்தப் பேச்சை நம்பி வினிகர் ஊற்றினேன். கண் திறக்க முடியவில்லை, மூச்சு பிடித்துக்கொண்டது, சுவரைத் தடவித்தான் வெளியே வந்தேன். மூன்று நாள் தொண்டை எரிந்தது. அன்றைக்கு என் சின்ன மகன் பள்ளிக்கூடம் போயிருந்தான் என்பதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முறிக்கச் சரியான பொருள் சோடியம் தயோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். மீன்தொட்டித் தண்ணீரில் குளோரின் போக்கப் போடுகிற கற்கண்டு மாதிரிப் படிகமும் அதுவே. நன்றாக அலசிய ஜீன்ஸை, இரண்டு மேசைக்கரண்டி படிகம் கரைத்த ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, மறுபடி அலசுங்கள். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தாலும் வேலை நடக்கும்.

கறுப்பு ஜீன்ஸை வெளுத்தால் சாம்பல் நிறம் வருமா?

வராது. பெரும்பாலும் துருப்பிடித்த மாதிரி செம்மண் நிறம்தான் வரும். அது பிடித்திருந்தால் செய்யுங்கள்.

நிறம் மங்கிவிட்டது. மறுபடி சாயம் முக்கினால் நிற்குமா? உப்புப் போட்டால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே?

வீட்டில் பாத்திரத்தில் கொதிக்க வைக்கிற பருத்திச் சாயப்பொடி நன்றாகவே ஏறும். அந்தச் சாயம் துணிக்குள் போவதற்கு உப்பு உதவும். ஆனால் ஏற்கெனவே இருக்கிற நீலம் போகாமல் உப்போ வினிகரோ பிடித்து வைக்கும் என்பது உண்மை இல்லை. உரசலில் போகிற சாயத்தை ஊற வைத்து நிறுத்த முடியாது. நிறம் நிற்க வேண்டுமானால் உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில், பிரஷ் போடாமல் துவையுங்கள்.

சாயம் முக்கும்போது மூன்று விஷயம். சமைக்கிற பாத்திரம் வேண்டாம். துணி முழுக்க நனைந்திருக்க வேண்டும், உலர்ந்த துணியைப் போட்டால் திட்டுத் திட்டாகும். தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது, அதில் பருத்திச் சாயம் சரியாக ஏறாது, மஞ்சள் வரிகள் அப்படியே நிற்கும். எனக்கு அது அழகாகத்தான் படுகிறது. சாயம் முக்கிய புதிதில் அந்த ஜீன்ஸைத் திஞ்ஜான் தண்ணீர்த் திருநாளுக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். உங்கள் சட்டை மட்டும் இல்லாமல், வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையும் நீலமாகிவிடும்.

கடையில் விற்கிற மாதிரி வெள்ளை நூல் தொங்கும் கிழிசல் எப்படிச் செய்வது?

இரண்டாம் கேள்வியில் சொன்ன பாவு நூலையும் ஊடை நூலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஒன்று இணையாக, ஓர் அங்குல இடைவெளியில் குறுக்காக இரண்டு வெட்டு. நடுவில் நெட்டுக்குத்தாக இருக்கும் நீல நூல்களை மட்டும் ஊசியாலும் சாமணத்தாலும் ஒவ்வொன்றாக உருவுங்கள். வெள்ளை ஊடை குறுக்கே நிற்கும். பெரிதாகாமல் இருக்க உள்ளே சுற்றிலும் ஒரு வரி கைத்தையல்.

முழங்காலுக்கு நேராக வெட்ட வேண்டாம் என்பது என் ஆலோசனை. ஷ்வேடகோன் பகோடா ஏற முழங்கால் மூடியிருக்க வேண்டும். காளி கோவிலுக்கும் அப்படிப் போவது நன்றாக இல்லை. உள்பக்கம் ஒரு துணி கொடுத்துத் தைத்துவிட்டால் இரண்டு இடத்துக்கும் அதே ஜீன்ஸ் போதும்.

உயரம் குறைக்கணும், ஆனால் பழைய கால் வாய் அப்படியே வேண்டும்.

குறைக்க வேண்டிய அளவு இரண்டு அங்குலம் என்றால், பழைய ஓரத் தையலுக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு வெளிப்பக்கமாக மடியுங்கள், தையல் விளிம்பு கீழே வராமல் சற்று மேலே தெரிய வேண்டும். அந்தப் பழைய ஓரத் தையலை ஒட்டி, மடிப்பு இருக்கும் பக்கத்தில், ஒரு வரி அடித்துவிட்டு ஓரத்தைக் கீழே இறக்குங்கள். உபரி உள்ளே போய்விடும். தேய்ந்து வெளுத்த அந்தப் பழைய ஓரம்தான் ஜீன்ஸின் முகம், அதை வெட்டி எறிய மனசு வராது.

இடுப்பு பிடிக்கிறது.

இரண்டு பக்கமும் இடுப்புப் பட்டியோடு சேர்த்து வெளித்தையலை ஐந்து அங்குலம் பிரித்து, கூம்பு மாதிரி ஒரு துண்டு வைத்துத் தையுங்கள். பழைய ஜீன்ஸின் காலில் வெட்டிய துண்டு என்றால் நிறம் பொருந்தும்.

மெஷினில் தைத்தால் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது.

மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். ரவிக்கைக்குப் போடும் ஊசியோடு டெனிமுக்குப் போனால் உடையத்தான் செய்யும். 16-ஆம் எண் ஊசி போடுங்கள். பல மடிப்பு சேரும் இடத்தை மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், பாதி தடிமன் அடங்கிவிடும். அந்த இடத்தில் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகக் கடத்துங்கள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில் மிதி மெஷின் ஒரு வரம். பாட்டி வீட்டுப் பரணில் இருந்தால் எண்ணெய் விட்டு இறக்குங்கள். தோல் பட்டை ஒன்று மாற்றினால் இன்னொரு தலைமுறை ஓடும். மடிப்பு தேய்க்கக் கரி இஸ்திரிப் பெட்டி போதும், கனம்தான் டெனிமுக்கு வேண்டும்.

பாக்கெட் முனையில் இருக்கும் செப்புக் குமிழின்மேல் மட்டும் ஊசி படக்கூடாது. அந்தக் குமிழ்தான் ஜீன்ஸுக்குத் தொடக்கம். பாக்கெட் முனை கிழிகிறது என்பதற்காக ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் அதை அடித்தார். லீவை ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியோடு சேர்ந்து 1873 மே 20-இல் காப்புரிமை வாங்கினார். ஒரு தையல்காரர் பழுது பார்க்கக் கண்டுபிடித்தது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மழைக்காலத்தில் ஜீன்ஸ் காயவே மாட்டேன் என்கிறது, நாறுகிறது.

வைகாசியிலிருந்து ஐப்பசிவரை இந்த ஊரில் இதுதான் கதை. தண்ணீர் சொட்டுகிற ஜீன்ஸைத் துண்டில் சுருட்டி ஏறி மிதியுங்கள். பிறகு உள்பக்கத்தையும் பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்து, இடுப்பை மூன்று நாலு கிளிப்பில் வட்டமாகத் தொங்க விடுங்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போட்டால் மடிப்புக்குள் காற்றே போகாது. இடுப்பு திறந்திருந்தால் கால் வழியாகக் காற்று ஏறி இறங்கும். வெளுப்பது, சாயம் முக்குவது எல்லாவற்றையும் கார்த்திகைக்குப் பிறகு வைத்துக்கொண்டு, மழை மாதங்களைக் கைத்தையலுக்கு விடுங்கள்.

பழைய துணிக் கடையில் வாங்கிய ஜீன்ஸை அப்படியே தைக்கலாமா?

முதலில் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊற வைத்துத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். வாங்கும்போது முழங்காலைப் பார்க்காதீர்கள், அதைத் தைத்துக்கொள்ளலாம். ஜிப்பும் தொடை இடுக்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மிஞ்சின துண்டுகளை என்ன செய்வது?

ஒரு கால் முழுசாக இருந்தால் ஷான் தோள்பை தைக்கலாம். அடிப்பக்கத்தை மூடி, வாருக்கு இன்னொரு காலின் வெளித்தையலை இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் விட்டு நீளமாக வெட்டிக்கொண்டால் போதும், அந்தத் தையலே வாரை அறுகாமல் பிடிக்கும். பின் பாக்கெட்டைத் துணியோடு வெட்டிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால் கத்தரிக்கோல் தொலையாது. சின்னத் துண்டுகளை எறியாதீர்கள், அடுத்த முழங்காலுக்கு வேண்டும்.

இடுப்புப் பட்டன் பிய்ந்து, ஓட்டை விழுந்துவிட்டது. இனி புதுப் பட்டன் நிற்குமா?

ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சின்ன வட்டமாக டெனிம் துண்டு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சக்கரம் மாதிரி நெருக்கமாகத் தைத்து மூடுங்கள். அது கல் மாதிரி ஆன பிறகு நடுவில் ஊசியால் துளை போட்டு, அடித்து மாட்டுகிற பட்டனை வைத்து, கீழே இரும்பு கொடுத்து ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் பட்டன் சப்பிவிடும்.